இடது பாக்ஸ்

முனவரா வீட்டில் ஃபேன் ஓடி மூன்று நாளாகிவிட்டது. கரண்ட் கட் எல்லாம் இல்லை. பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில், அக்னி நட்சத்திரத்தில், எந்தப் பழுதும் இல்லாத ஒரு ஃபேனுக்குக் கீழே ஒரு குடும்பம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது.

காரணம் நான்கு கம்பிகள். சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம். தலைமுடியை நெடுக்குவாக்கில் கீறினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிசு. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் அவை படுத்திருந்தன. பக்கத்திலேயே ரெக்கார்டு பிளேயரின் கை. ஊசியைச் சுமந்துகொண்டு இசைத்தட்டின்மேல் போகுமே, அந்த அலுமினியக் குழாய். கழற்றப்பட்டு, தின்று முடித்த வஞ்சிரத்தின் நடுமுள் மாதிரிக் கிடந்தது.

"ஃபேன் போட்டா கம்பி பறந்துடும்" என்றார் பீர் முகமது.

"ஒரு நாளு நானே பறந்துடப் போறேன்" என்றாள் முனவரா.

பதில் வரவில்லை. அவள் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன வீட்டில், புருஷனுக்குக் காதில் விழவில்லையா, விழுந்தும் அவர் எடுத்துக்கொள்ளவில்லையா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது. முனவராவும் ரொம்ப நாள் பிரித்துப் பார்க்கவில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றி, விசிலை எண்ணச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவாள். வந்து பார்த்தால் பருப்பு அடிப்பிடித்து வீடே கமறிக்கொண்டிருக்கும்.

"எத்தன விசில் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரல. கேஸ்கட் போயிருக்கும், மாத்து."

கேஸ்கட்டை மாற்றினாள். அப்புறம் வெயிட்டை மாற்றினாள். கடைசியில் மந்தாரக்குப்பம் பஜாருக்குப் போய்க் குக்கரையே மாற்றிக்கொண்டு வந்தாள். புதுக் குக்கர் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி விசிலடித்தது, பீர் முகமதுவைத் தவிர.

பீர் முகமது மைன்ஸில் கன்வேயர் எலக்ட்ரீஷியன். பெர்மனன்ட். பள்ளத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை மேலே ஏற்றிவரும் பெல்ட்டுகளுக்கு மோட்டார் இருக்கிறதல்லவா, அவற்றுக்கு அவர்தான் வைத்தியர். பேனலைப் பார்த்து நின்றால் மோட்டார் இடது பக்கம் அலறும். சர்வீஸ் முழுக்க அப்படியே நின்றிருக்கிறார். காதில் செருகிக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை அவர் ஒரு நாளும் தொலைத்ததில்லை. சாவிக்கொத்தோடு கோத்துப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்திருந்தார்.

அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம்: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இரண்டு மோட்டாரில் ஒன்று மக்கர் செய்தால் ரிலேயை மாற்றிப் போடு. மக்கர் கூடவே போனால் ரிலே கெட்டது. போகாமல் அங்கேயே நின்றால் ரிலே நல்ல பிள்ளை. அடுத்த சாமானை மாற்று. கெட்ட சாமானை விட்டுப் பழுது தனியாக எங்கேயும் போகாது. இதை அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஷிப்ட் முழுக்கவே அவரை 'மாத்திப்போடு பாய்' என்றுதான் கூப்பிட்டது.

ரெக்கார்டு பிளேயர் வந்தது ஓர் ஆபீசர் குவார்ட்டர்ஸிலிருந்து. ரிட்டயர்டாகி வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றுவிட்டுப் போவது டவுன்ஷிப் வழக்கம். கட்டில், கிரைண்டர், வளர்ந்த குரோட்டன்ஸ் எல்லாம் வெளியே வரும். எல்லோரும் கிரைண்டருக்கு அடித்துக்கொண்டபோது பீர் முகமது பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆபீசரின் மனைவி பரதம் சொல்லிக்கொடுத்தவர். ஆகவே பெட்டியில் பாதி நாட்டியத் தட்டு. அதில் ஒன்றின்மேல் அவருக்குப் பைத்தியம். வலது ஸ்பீக்கர் பாக்ஸில் மிருதங்கமும் பாட்டும் வரும். இடது பாக்ஸில் தாளமும் சலங்கையும். கண்ணை மூடினால் ஹாலில் ஒரு பெண் ஆடிக்கொண்டு போவாள் என்பார். "கண்ணத் தெறந்தா நான்தான் நிக்கிறேன், அதான் மூடிக்கிறீங்க" என்பாள் முனவரா.

அந்தப் பெண் கொஞ்ச நாளாக வருவதில்லை. இடது பாக்ஸ் மந்தமாகிவிட்டது. சலங்கை சுத்தமாகப் போய்விட்டது என்றார் பீர் முகமது. கையைக் கழற்றிப் பார்த்ததில் இடது பக்கத்துக் கம்பிகளான வெள்ளையும் நீலமும் நுனியில் களிம்பு பூத்திருந்தன. அவருக்கு அது போதும். கோயம்புத்தூரிலிருந்து புதுக் கம்பி வரவழைத்தார். நாளைக்கு மெடிக்கல் செக்கப்பை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இதில் உட்கார்ந்திருக்கிறாரே என்று முனவராவுக்குப் பதைப்பாக இருந்தது.

மெடிக்கல் என்றால் சும்மா இல்லை. மைன்ஸில் நிற்கலாமா, நிற்கக்கூடாதா என்று அங்கேதான் முடிவாகும்.

மத்தியானம் கண்ணையன் வந்தான். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், அதே பெல்ட்டில் அதே ஷிப்ட்டில் ஃபிட்டர். வாழையிலையில் பலாச்சுளையைச் சுருட்டி எடுத்துவந்திருந்தான். உள்ளே கால் வைத்ததுமே மேலே பார்த்தான்.

"இன்னா பாய், ஃபேனு பூடுச்சா?"

"பேசாத. கம்பி இருக்கு."

"கம்பி இருந்தா ஃபேனு போட மாட்டீங்களா? அண்ணி, இன்னா அண்ணி இது, வூடா செங்கச் சூளையா?"

"அவரையே கேளு தம்பி. மேஜைய கம்பிக்குக் குடுத்துட்டு நாங்க தரையில உக்காந்து சாப்பிடுறோம்."

கண்ணையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த பலாச்சுளையைத் தானே தின்ன ஆரம்பித்தான்.

"பாய், நம்ம ஷிப்ட்டுல ஒருத்தனும் இப்ப ஊறுகாயத் தொடறதில்ல. பிரசரு ஏறிடுமாம். காத்தாலே ரோட்டப் பாத்தீங்களா? மூணு வருசமா நடக்காதவன்லாம் நடந்துகினு இருக்கானுவ. இப்பிடியே வுட்டா மெடிக்கலுக்குள்ள வடலூரு போயி சேந்துடுவானுவ."

பீர் முகமது சிரித்தார். கண்ணையன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"காதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?" என்றான் அவன், கொட்டையைத் துப்பிவிட்டு.

"காதுக்கு என்ன?"

"சும்மாதான் சொல்றேன். கண்ணாடி ரூமு. ஹெட்போன மாட்டி உள்ள உக்கார வெச்சிடுவாங்க. சத்தம் கேட்டா கையில இருக்குற பட்டன அமுக்கணும். அந்தம்மா வெளிய உக்காந்துகினு மிசினத் தட்டும். தட்டறப்ப முழங்கை லேசா ஆடும். நீங்க முழங்கையப் பாத்துகினு இருங்க. ஆடிச்சா அமுக்குங்க. அவ்ளோதான். போன தபா நம்ம கேங்குல பாதிப் பேரு முழங்கையிலதான் பாஸு."

"எனக்கெதுக்குடா அது?" என்றார் பீர் முகமது. ஆனால் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கை? வலதா?" என்று கேட்டார்.

"வலது."

கண்ணையன் தண்ணீர் கேட்டு அடுக்களைக்குள் வந்தான். சொம்பை வாங்கினான், குடிக்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன். பாய் கிட்ட கேக்கக் கூடாது."

"சொல்லு."

"போன வாரம் மார்னிங் ஷிப்ட்டு. பெல்ட்டுல வேல முடிஞ்சி எல்லாரும் வெளிய வந்து, பெல்ட்ட ஓட்டலாம்னு க்ளியரன்ஸ் குடுத்தாச்சு. இவரு டார்ச்ச வுட்டுட்டேன்னு திரும்பப் போயி உள்ள குனிஞ்சிட்டாரு. பெல்ட்டு ஓடறதுக்கு முன்னாடி ஹூட்டரு ஊதும் அண்ணி, செவுடன்கூட துள்ளிடுவான். ஊதுது. பக்கத்து பெல்ட்டு வேற ஓடிகினு இருக்கு. நான் கத்தறேன், பாயு பாயுன்னு. மனுசன் திரும்பவே இல்ல. ஓடிப் போயி சட்டையப் புடிச்சி இழுத்தேன். இழுத்ததுக்கு என்னையே திட்டறாரு, இன்னாத்துக்குடா இழுக்குறன்னு. திட்டிகினு இருக்கறப்பவே பெல்ட்டு ஓட ஆரமிச்சிது. அப்பறந்தான் மூஞ்சி செத்துப்பூடுச்சி."

முனவரா அடுப்பை அணைத்தாள். போன வாரம் ஒரு சட்டை பொத்தான் பிய்ந்து வந்தது. கொக்கியில் மாட்டிக்கொண்டது என்றார். அவளே புதுப் பொத்தான் வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, திரும்பவும் அதே பெல்ட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

"இத்தன தெரிஞ்சும் நீ முழங்கைய சொல்லிக் குடுக்குற."

"லைட் ஜாப்புல போட்டாங்கன்னா பாய் செத்துடுவாரு அண்ணி."

"பெல்ட்டுல நின்னா?"

கண்ணையன் தண்ணீரைக் குடித்தான். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லாமலே பின்வாசல் வழியாகப் போனான்.

கம்பி இழுக்கிற வேலை சாயங்காலம் ஆரம்பமானது. பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுசை உள்ளே விடுகிற வேலை இல்லை இது. குழாய் நடுவில் இரண்டு இடத்தில் வளைகிறது. வெறும் கம்பி அந்த வளைவில் போகாது. பழைய கம்பியின் வாலில் புதுசைக் கட்டி, பழசைத் தலைப்பக்கமாக இழுக்க வேண்டும். பழசு வெளியே வர வர, புதுசு உள்ளே போகும். முடிச்சு பெருத்தால் வளைவில் சிக்கும். அவிழ்ந்தால் பழசு கையோடு வந்துவிடும், குழாய் காலி. அப்புறம் அந்தக் கைக்கு அல்லாதான் கம்பி விட வேண்டும்.

மூன்று தரம் கட்டிப் பார்த்தார் பீர் முகமது. பெல்ட் கேபிளைப் பிடித்துக் காய்த்த விரல். கம்பி எங்கே இருக்கிறதென்றே அவற்றுக்குத் தெரியவில்லை.

"நீ கட்டு. நீ பூ கட்டறவ."

முனவரா அவருடைய வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவர் டார்ச் பிடித்தார். அதே டார்ச். மல்லிகைக் காம்புக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, நகத்தால் அழுத்தி, நுனியைக் கத்தரித்தாள். அவளுக்குத் தொண்டையில் பேச்சு நிறைந்திருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கம்பி பறக்கும்.

"இழு. மெதுவா. இன்னும் மெதுவா."

வந்தது. விரற்கடை விரற்கடையாகப் பழைய கம்பி கறுத்துப் போய் வெளியே வந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் நின்றது.

"நிறுத்து!"

இரண்டு பேரும் அசையவில்லை. அவருடைய மூக்கு நுனியில் ஒரு வியர்வைச் சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் முந்தானையை எடுத்து அதை ஒற்றினாள்.

"கொஞ்சம் திருப்பு. இழுக்காத, திருப்பு."

திருப்பினாள். உள்ளே ஏதோ வழுக்கியது. முடிச்சு அவிழ்ந்ததா, வளைவு தாண்டியதா? இழுத்தால்தான் தெரியும். அவர் டார்ச்சை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இழுத்தாள். கறுப்பு வந்தது, இன்னும் கறுப்பு, அப்புறம் அவள் போட்ட முடிச்சு, அதன் பின்னால் பளபளவென்று வெள்ளை.

"வந்துடுச்சு" என்றார் அவர். பிடித்த கையை விட மறந்திருந்தார்.

மற்ற மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன. அப்புறம் அவர் குழாய்க்குள் கொஞ்சம் பஞ்சு திணித்தார். வெளியே பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஒரு சுற்று சுற்றினார். கை ஆடுகிற மூட்டில் சிலிக்கான் கிரீஸை ஈர்க்குச்சி நுனியில் எடுத்துப் பொட்டு வைத்தார்.

"இது எதுக்கு?"

"குழாய் தனியா அதிரக்கூடாது. ஊசி ஒண்ணு சொல்லும், குழாய் ஒண்ணு சொல்லும். நமக்கு எது நெசம்னு தெரியாது. அதிர்ச்சிய அடக்கிட்டா ஊசி சொல்றது மட்டும் வந்து சேரும்."

"மனுசனுக்கும் இப்பிடி ஒரு டேப்பு இருந்தா தேவல" என்றாள் முனவரா.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டு சுழன்றது. ஊசி இறங்கியது. பாக்ஸ் இரண்டுக்கும் எதிரே அவருடைய நாற்காலி, எப்போதும் போல. மிருதங்கம் வலது பக்கம் அறைந்தது. இடது பாக்ஸில் தாளம் கணீரென்று விழ, சலங்கை ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடியது. முனவராவுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. கம்பி நல்ல கம்பிதான். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"வரல" என்றார்.

எழுந்தார். ஊசித் தலையில் நாலு கம்பியையும் பிடுங்கி, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் செருகினார். இப்போது சலங்கை வலது பாக்ஸில் வந்தது. அவர் தலை நிமிர்ந்தது.

"கேக்குது. அப்ப கம்பி சரி. கை சரி. ஊசியும் சரி." ஆனால் இடது பாக்ஸுக்குப் போன மிருதங்கம் மூட்டையில் அடித்த மாதிரி மொத்தென்றிருந்தது. "பாக்ஸ்தான். மூணு நாளு வீண்."

பாக்ஸ்களைத் தூக்கி இடம் மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். அப்படியானால் பாக்ஸும் நல்லது. ஆம்பிளிஃபயரில் வயர்களைப் பிடுங்கி மாற்றினார். இடது பக்கம்தான். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு முனகினார். மாற்ற எதுவும் மிச்சமில்லை. பழுது மட்டும் எந்தச் சாமானோடும் போகாமல், இடது பக்கத்தில் தனியாகக் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

"இப்பிடி ஒரு ஃபால்ட்டே கிடையாது" என்றார். "எங்கயும் கிடையாது."

பழுது எங்கே என்று முனவராவுக்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். நாளைக்கு மெடிக்கல். முழங்கை இருக்கிறது. அப்புறம் திங்கட்கிழமை பெல்ட்டும் இருக்கிறது.

"எல்லாத்தையும் மொதல்ல இருந்த மாதிரி போடுங்க."

"போட்டு?"

"இன்னும் ஒண்ண நீங்க மாத்தல."

"என்னத்த மாத்தல?"

"நாற்காலிய. திருப்பிப் போட்டு உக்காருங்க. பாக்ஸுக்கு முதுகக் காட்டி."

"அதுல என்ன இருக்கு?"

"மாத்திப் போட்டுப் பாக்கறதுதான?"

தொழில் மரியாதைக்காகத்தான் அவர் அதைச் செய்தார். எல்லாவற்றையும் பழையபடி பொருத்தி, ஊசியை வைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இடது பாக்ஸ் இப்போது அவருடைய வலது காதுப் பக்கம்.

சலங்கை வந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார். "முனவரா, வந்துடுச்சு! ஓடறா பாரு, அங்கருந்து இங்க ஓடி வர்றா! கேட்டியா?" பள்ளிக்கூடம் விட்ட பையன் முகம் அது. சுவரைப் பார்த்தபடியே அவர் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

எழுந்து நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தார். சலங்கை போனது. திருப்பிப் போட்டார். வந்தது. நேராகப் போட்டார். போனது. நாற்காலியை ஒரு சுவிட்ச் மாதிரி ஆன் செய்தும் ஆஃப் செய்தும் பார்த்தார் அந்த எலக்ட்ரீஷியன். தட்டு முடிந்து ஊசி நடுவில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள்தான் எழுந்து போய் எடுத்து வைத்தாள்.

"கண்ணையன் சொன்னானா?" என்றார்.

"சட்டை சொல்லுச்சு."

அவர் சின்ன ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.

"நாளைக்கு அந்தம்மா முழங்கையப் பாத்தா போதும். ரிட்டயர்டுக்கு இன்னும் ரொம்ப நாள் இல்ல. ஓட்டிடலாம்."

"பெல்ட்டுக்கு முழங்கை இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. ஓடறதுக்கு முன்னாடி பெல்ட்டு முழங்கைய ஆட்டுமா உங்களுக்கு?"

"உனக்கு என்னடி தெரியும்!" பெட்டியை மேஜையில் அறைந்தார். கம்பித் துண்டுகள் பறந்தன. "கேன்டீன் வாசல்ல டோக்கன் குடுக்க உக்கார வெப்பான். என்கிட்ட வேல கத்துகிட்ட பயலுவ எல்லாம் லைன்ல நின்னு, பாய் ஒரு டோக்கன், பாய் ஒரு டோக்கன்னு கைய நீட்டுவான். நான் கிழிச்சுக் கிழிச்சுக் குடுக்கணுமா?"

"குடுங்க. டோக்கன் கிழிக்கிற புருசன் எனக்குப் போதும். கிழிஞ்சு வர்ற புருசன் வேணாம்."

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முனவரா மேஜையைத் துடைத்தாள். சோற்றுக்கு வைத்த ஆணத்தைச் சூடு பண்ணினாள். ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தாள். எதிரே வருகிற லாரி ஹாரன் அவருக்கு எந்தப் பக்கம் கேட்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு, யா அல்லா என்று உட்கார்ந்தாள். அவர் வந்தபோது ஆணம் மறுபடி ஆறியிருந்தது. சாப்பிட்டார். படுத்தார், வலது காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் படுத்தால் இனி அவளுடைய ஒரு சொல்லும் உள்ளே போகாது. இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் படுக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் சுகர் மாத்திரை வாங்கணும் என்று சொல்லிக்கொண்டு அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்குச் சுகர் கிடையாது. அவரும் அதை விசாரிக்கவில்லை.

வராந்தாவில் பெஞ்சு நிறைய மைன்ஸ் ஆட்கள். எல்லோரும் குளித்து, தலை வாரி, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரஷர் ஏறிவிடும் என்று ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. காது ரூமுக்கு வெளியே பீர் முகமது, அடுத்து கண்ணையன். பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தக் கண்ணாடி தெரியாது. பீர் முகமதுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். போகும்போது அவர் முனவரா பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கு நேரம் போகவில்லை. வராந்தா சுவரில் கைகழுவும் முறையைப் படமாக ஒட்டியிருந்தார்கள். அதை முழுக்கப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பாஸ் என்று சிரித்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது? உள்ளே போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் அவர் இந்த ஜென்மத்துக்கும் பேச மாட்டார். பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு பேசாமல் இருக்கட்டும். அவள் எழுந்து நின்றபோது கண்ணையன் வேகவேகமாக வந்தான்.

"கெட்டுது போங்க அண்ணி!"

"என்னாச்சு?"

"நான் கண்ணாடியில பாத்துகினே நிக்கறேன். அந்தம்மா முழங்கை அப்பிடி ஆடுது. ரோட்டுல போறவனுக்கே தெரியும். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? ஹெட்போன மாட்டினதும் கண்ண இறுக்க மூடிகினாரு!"

"மூடிக்கிட்டாரா?"

"துவா கேக்கற மாதிரி மூடிகினு உக்காந்துட்டாரு மனுசன். நான் கண்ணாடியத் தட்டறேன், பாய் கண்ணத் தெறங்க, கண்ணத் தெறங்கன்னு. அந்தம்மா என்னத் தொரத்தி வுட்டுட்டாங்க. மொதல்ல நல்லாத்தான் அமுக்கினாரு, அப்பறம் எப்பவாச்சும் ஒரு தபாதான் பட்டன அமுக்கறாரு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேர்வ" என்றான்.

பீர் முகமது வெளியே வந்தார். முனவரா அவருடைய இடது கைப் பக்கம் போய், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து இன்னொரு தரம் கேட்டாள்.

"இடது பக்கம் பாதிக்கு மேல போயிடுச்சாம். இனிமே பெல்ட்டு பக்கம் போகக்கூடாது. பேப்பர் ஆபீசுக்குப் போயிடும்."

"சரி."

"வலது நல்லா இருக்காம். நீ திட்டறதுக்கு அது போதும்."

ஸ்கூட்டரில் வீடு வரைக்கும் அவர் வேறெதுவும் பேசவில்லை. பெல்ட் ஓடுகிற திசையில் வானம் புழுதியாக மங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் பார்க்காமல் ஓட்டினார். தோள் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. பின்னால் இருந்தவள், ரோடு மேடு பள்ளம் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். டவுன்ஷிப் ரோட்டில் மேடு பள்ளம் கிடையாது.

சாயங்காலம் முனவரா யாரையும் கேட்காமல் ஃபேனைப் போட்டாள். கம்பித் துண்டுகள் மேஜையிலிருந்து எழுந்து பறந்தன. ஒருவரும் தடுக்கவில்லை. பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாலுக்கு வந்தாள். அவர் அதே தட்டை வைத்து, நாற்காலியை நேராகவே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவருடைய வலது பக்கம் போட்டாள்.

"திருப்பிப் போட்டுக்கங்களேன். சலங்கை கேக்குமே."

"சுவத்தப் பாத்துக்கிட்டு யாரு உக்கார்றது." தலையை அவள் பக்கம் சாய்த்தார். பிறகு, "இடது பக்கம் இப்ப என்ன வருது?"

"தாளம்."

"இப்ப?"

"இன்னும் தாளம்தான்... இப்ப சலங்கை. மெதுவா நடக்குறா."

"அப்பறம் ஓடுவா."

"ஆமா, ஓடறா. நின்னுட்டா."

"இப்ப?"

"விசிலு."

"விசிலா? தட்டுல விசிலு ஏது?"

"அடுப்புல. ரெண்டாவது. போயி மூணாவதுக்கு அணைங்க."

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். முனவரா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பீர் முகமது குக்கருக்கு வலது காதைக் காட்டி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாவது வந்தது.

"வருது!" என்றார் உள்ளேயிருந்து. "முனவரா, வருது!"

அடுப்பை அணைக்கவில்லை. அப்படியே நின்றார், நாலாவதைக் கேட்க. பருப்பு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று அவள் பேசாமல் இருந்தாள்.